ஒரு பக்கமாக வந்த பேஸ்

அந்த மின்விசிறித் தொழிற்சாலையில் அவளுக்குப் பெயர் காது. வருகைப் பதிவேட்டில் நல்ல பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைச் சொல்லி வாசலில் விசாரித்தால் காவலாளியே கையை விரித்துவிடுவார். சின்னவர்களுக்குக் காதக்கா, சம வயதுக்காரர்களுக்கு வெறும் காது, சூப்பர்வைசருக்கு மட்டும் 'நம்ம காது'. அந்த 'நம்ம'வில் அவருக்கு ஒரு பெருமை, ஏதோ அவரே அளவு கொடுத்துச் செய்து வாங்கியதைப் போல.

பெருமைப்பட அவருக்குக் காரணமும் இருந்தது. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அவள் பேக்கிங்கில் அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்தவள். ஒருநாள் ஓட்டிப் பார்க்க மாட்டியிருந்த மின்விசிறியின் கீழே நடந்து போனவள் சட்டென்று நின்று, "சார், இது அழுவுது" என்றாள். சூப்பர்வைசர் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, எதற்கும் பார்ப்போமே என்று கழற்றினார். பேரிங்குக்குள் கடுகில் பாதி அளவுக்கு ஓர் இரும்புத் துகள். மறுவாரமே சோதனை அறையை அவளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

பத்தடிக்கு எட்டடி அறை அது. சுவரெல்லாம் பஞ்சு அட்டை, ரப்பர் விளிம்பு வைத்த கனத்த கதவு, கூரையில் ஒரு கொக்கி, ஒரு முக்காலி, ஒரு நோட்டு. விசிறியை மாட்ட வேண்டும். ஒன்றாம் வேகத்திலிருந்து ஐந்தாம் வேகம் வரை ஓட்ட வேண்டும். பிறகு சுவிட்சை அணைத்துவிட்டு, அது ஓய்ந்து நிற்கும்வரை கேட்க வேண்டும். ஓய்கிற சத்தத்தில்தான் உண்மை வெளியே வரும் என்பது அவள் கட்சி. சரியென்றால் நீல டிக், தப்பென்றால் சிவப்புப் பெருக்கல். நடுவில் யாராவது கதவைத் தட்டிவிட்டால் மறுபடி ஒன்றாம் வேகத்திலிருந்து ஆரம்பிப்பாள். கேட்காத ஒன்றுக்கு அவள் டிக் போட்டதே கிடையாது. இந்த விஷயத்தில் அவள் கொஞ்சம் கிறுக்கு என்றே பலரும் நினைத்தார்கள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் எட்டு மாதத்துக்கு முன்னால் இடது காது போயிற்று.

மூன்று நாள் காய்ச்சல், இரண்டு நாள் வலி. அதற்கு மறுநாள் காலையில் காதில் பஞ்சு அடைத்ததுபோல் இருந்தது. சளியாக இருக்கும், தானே சரியாகிவிடும் என்று பத்து நாள் ஓட்டினாள். பிறகு யாருக்கும் தெரியாமல் இரண்டு பஸ் மாறிப் போய் வேறொரு பகுதியில் டாக்டரைப் பார்த்தாள். அவர் என்னென்னவோ கருவி வைத்துப் பார்த்துவிட்டு, "முதல் நாளே வந்திருக்கணும்மா. நரம்பு போயிடுச்சு. இனிமே அந்தக் காது திரும்பாது" என்றார். வலது காது நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். அது அவளுக்கு ஆறுதலாகவே படவில்லை. காது என்று பெயர் வைத்துக்கொண்டு பாதிக் காதோடு எப்படி உட்காருவது?

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சோதனை அறை போய்விடும். அறை போனால் மறுபடி அட்டைப்பெட்டியோ, அல்லது நாள் முழுக்க இரைச்சலில் செம்புக் கம்பி சுற்றும் வைண்டிங் பகுதியோதான். அதைவிட, பத்தொன்பது வருடமாக ஊரறிந்த ஒரே திறமை அவளுக்கு அதுதான். அது போனால் தான் யார் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

ஆகவே காதும் காதும் வைத்த மாதிரி காரியத்தை நடத்தினாள். பஸ்ஸில் இடப்பக்க ஜன்னலோரம் பார்த்து உட்கார்ந்தாள், பேசுகிறவர்கள் வலப்பக்கம் வரட்டும் என்று. சோதனை அறையில் ஒவ்வொரு விசிறியையும் இரண்டு தரம் ஓட்டினாள். முக்காலியைச் சுற்றிச் சுற்றி வந்து கேட்டாள். இதில் நேரம் பிடித்தது. எண்ணிக்கை குறைந்தால் கேள்வி வருமே என்று டீ குடிக்கும் இரண்டு வேளையையும் விட்டுவிட்டாள். "காதுக்கு வேலைப் பைத்தியம் முத்திப்போச்சு" என்றார் சூப்பர்வைசர், அதையும் பெருமையாகவே.

வீட்டில்தான் சிக்கல். அவள் கணவர் குழாய் ரிப்பேர்க்காரர். சமையலறை மேசை சுவரோடு ஒட்டிக் கிடப்பது. அவர் எப்போதும் அவளுடைய இடப்பக்கம்தான் உட்காருவார். அவர் மெல்லிய குரலில் எதையாவது சொல்வார், அவள் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். இடம் மாற்றிக்கொள்ளச் சொன்னால் ஏன் என்பார். கொஞ்ச நாளில் அவரும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். அது இவளுக்கு வசதியாகவும் இருந்தது, வலிக்கவும் செய்தது.

இந்த நிலையில்தான் பாட்டுப் போட்டி வந்து சேர்ந்தது.

பாட்டு என்றால் பாடுவது இல்லை. போனில் ஒரு செயலி. அதில் டிரம்ஸ், தாழ்ந்த குரலில் அதிரும் பேஸ் கிட்டார் எல்லாம் நாலைந்து விநாடித் துண்டுகளாக இருக்கும். லூப் என்பார்கள். முடிந்த இடத்தில் நிற்காமல் மறுபடி முதலிலிருந்து சுற்றிக்கொண்டே இருக்கும். ஒன்றன்மேல் ஒன்றை அடுக்கி, இங்கே எடுத்து அங்கே போட்டு ஒரு இசையாக்கிக்கொள்ளலாம். வேலைக்குப் போக ஐம்பது நிமிடம், வர ஐம்பது நிமிடம் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவளுக்கு அதைவிட நல்ல துணை கிடையாது. நாலு வருடமாக இதுதான் அவள் ரகசியப் பழக்கம். நாள் முழுக்கச் சுற்றுகிற சத்தத்தைக் கேட்பவளுக்குச் சுற்றுகிற லூப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. காது போன பிறகு இயர்போனில் பாதி இசைதான் வந்தது. போனின் அமைப்புகளில் துழாவி, இரண்டு பக்கச் சத்தத்தையும் ஒன்றாகச் சேர்த்துவிடும் ஒரு வசதியைக் கண்டுபிடித்து அதைப் போட்டுவிட்டாள். அதன் பிறகு எல்லாமே வலது காதில் வந்து விழுந்தது.

செயலிக்காரர்கள் போட்டி அறிவித்தார்கள். எல்லோருக்கும் ஒரே பொட்டலம்: டிரம் லூப்கள் இருபத்து நான்கு, பேஸ் லூப்கள் முப்பத்திரண்டு. வெளிச்சத்தம் ஒன்றும் சேர்க்கக் கூடாது. மூன்று நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். நன்றாக வரும் பத்து பேருக்கு மேடையில் இறுதிச் சுற்று. பரிசைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை. எட்டு மாதமாக அவளுக்குள் குடைந்துகொண்டிருந்த கேள்வி ஒன்றுதான்: மீதி இருக்கிற ஒரு காது போதுமா, போதாதா? தொழிற்சாலையில் யாரிடமும் அதைக் கேட்க முடியாது. முகம் தெரியாத நடுவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம் அல்லவா.

பொட்டலத்தை இறக்கிப் பார்த்தவளுக்கு எரிச்சல் வந்தது. பேஸ் லூப் ஒவ்வொன்றும் இரண்டு இரண்டாக இருந்தன. ஏழு-ஒன்று, ஏழு-இரண்டு, எட்டு-ஒன்று, எட்டு-இரண்டு. போட்டுக் கேட்டால் இரண்டும் ஒரே சத்தம். யாரோ அரைத் தூக்கத்தில் ஒரே கோப்பை இரண்டு தரம் ஏற்றியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினாள். போனில் இடமோ இல்லை. ஆகவே ஒவ்வொரு ஜோடியிலும் கைக்கு வந்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழித்தாள். கூடவே வந்த விளக்கத் தாளை அவள் படிக்கவில்லை. நம்மில் யார்தான் படிக்கிறோம்?

இரண்டு வாரம் பஸ்ஸிலேயே செய்து முடித்து அனுப்பினாள். மூன்றாவது வாரம் செய்தி வந்தது: முன்னூற்றுச் சொச்சம் பேரில் பத்து பேர் தேர்வு, அதில் அவளும் ஒருத்தி. பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே அதைப் படித்தாள். போதும், ஒரு காது போதும் என்று மனசு துள்ளியது. அதற்குக் கீழே நடுவர்கள் ஒரு வரி எழுதியிருந்தார்கள்: "பேஸ் ஒரு காதிலிருந்து மறு காதுக்கு நடந்து போகிறது. துணிச்சலான யோசனை."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்படி எதுவும் அவள் செய்யவில்லையே.

பேக்கிங்கில் அவளுக்கு ஒரு தோழி இருந்தாள், டேப் ஒட்டுகிறவள். நம்பகமானவள், ஆனால் வாயில் பூட்டு கிடையாது. அவளிடம் இறுதிச் சுற்று விஷயத்தைச் சொல்லி, போனின் அந்த வசதியை எடுத்துவிட்டு இயர்போனைக் கொடுத்தாள்.

"கேட்டுட்டு எப்படி இருக்குன்னு சொல்லு."

டேப்காரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அரை நிமிடத்தில் முகம் சுளித்தாள். "ஏன் காதக்கா, தடதடன்னு ஒண்ணு வருதே, அது இந்தக் காதுல மட்டும் வருது? ஆங், இப்ப இந்தப் பக்கம் ஓடிருச்சு. திரும்ப அங்க போயிருச்சு. நல்லா வேடிக்கையா இருக்கு. எப்படிக்கா இதெல்லாம் தோணுது உனக்கு?"

அப்புறம்தான் அந்த விளக்கத் தாளைத் திறந்து படித்தாள். ஒன்று என்பது இடது பக்கத்துக்கு, இரண்டு என்பது வலது பக்கத்துக்கு. இரண்டையும் சேர்த்துப் போட்டால்தான் பேஸ் நடுவில் வந்து நிற்கும். காது இரண்டும் கேட்கிற எவரும் ஒரு விநாடியில் கண்டுபிடித்திருப்பார்கள். அவள்தான் சேர்த்துவிடும் வசதியைப் போட்டுக்கொண்டு இரண்டும் ஒன்றென்று நினைத்தாள். நடுவர்கள் அவளுடைய காதைப் பாராட்டவில்லை. அது இல்லாததைப் பாராட்டியிருக்கிறார்கள்.

பேசாமல் விலகிவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் மதியத்துக்குள் டேப்காரியின் புண்ணியத்தில் தொழிற்சாலை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. சூப்பர்வைசர் அறிவிப்புப் பலகையில் தன் கைப்படவே எழுதி ஒட்டினார்: 'நம்ம காது இறுதிச் சுற்றில்'. அதோடு நிற்கவில்லை. "ஞாயித்துக்கிழமை செக்‌ஷனே வருது. வேன் சொல்லியாச்சு" என்றார்.

"வேண்டாம் சார். சும்மா பொழுதுபோக்குக்குப் பண்ணினது."

"என்னம்மா நீ, காலை வாரிவிடுறியே. மேனேஜர்கிட்டயும் சொல்லிட்டேன்."

அந்த வாரம் அவளுக்குத் தூக்கம் ஒழுங்காக இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. ஒரு விசிறியை மூன்று தரம் ஓட்டினாள். மேடையில் என்ன கருவி தருவார்கள், அதில் அந்த வசதி இருக்குமா, கேட்டால் என்ன நினைப்பார்கள் என்று மனசு செக்குமாடாகச் சுற்றியது. கணவர் "நானும் வரட்டுமா?" என்று கேட்டது, நல்லவேளையாக, அவர் அவளுடைய வலப்பக்கம் நின்றுகொண்டிருந்ததால் அவளுக்குக் காதில் விழுந்தது. வர வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். முன்னூறு நாற்காலி போட்ட அரங்கம். மேடையில் அரைவட்டமாகப் பத்து மேசை, பத்துக் கணினி, பத்துப் பெரிய ஹெட்போன். மூன்றாவது வரிசையில் சூப்பர்வைசர் சலவைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேன் நிறைய வந்தவர்கள். வரிசைக் கடைசியில் கணவர். புதுப் பொட்டலம், நாற்பத்தைந்து நிமிடம், அதற்குள் ஒரு இசை. தொகுப்பாளர் ஒவ்வொருவரையும் அறிமுகப்படுத்திக்கொண்டு வந்தார். அவள் முறை வந்ததும், "இவங்க நம்ம ரெண்டு காதையும் விளையாட விடுறவங்க" என்றார். மூன்றாவது வரிசை கைதட்டியது. அவள் எழுந்து கும்பிட்டாள்.

மணி அடித்தது. ஹெட்போனை மாட்டினாள். பயந்தபடியே பாதிதான் வந்தது. பேஸ் லூப்களில் ஒன்று என்று முடிவதெல்லாம் மௌனமாக ஓடின. திரையில் கோடு ஏறி இறங்கியது, சத்தம் இல்லை. அமைப்புகளில் தேடினாள், அந்தக் கணினியின் படங்களும் சொற்களும் அவளுக்குப் பிடிபடவில்லை. ஹெட்போனைக் கழற்றித் திருப்பி மாட்டினாள். இப்போது இடது பக்கத்துச் சத்தம் வலது காதில் வந்தது, வலது பக்கம் காணாமல் போயிற்று. மறுபடி திருப்பினாள். இப்படியே பத்து நிமிடம் போயிற்று. "ஹெட்போன் கடிக்குதா அக்கா?" என்று தொகுப்பாளர் மைக்கில் கேட்க, அரங்கம் சிரித்தது.

அவளும் சிரித்துவைத்தாள். உள்ளே கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பாதி பாதியாகக் கேட்டால் இரண்டும் சேரும்போது ஒட்டுகிறதா, உதைக்கிறதா என்று தெரியாது. தெரியாவிட்டால் என்ன? குத்துமதிப்பாக எதையாவது அடுக்கி 'முடிந்தது' என்ற பொத்தானை அமுக்கிவிடலாம். பத்தாவது இடம் வரும். சூப்பர்வைசர் 'பரவாயில்லம்மா, வேலைதான் முக்கியம்' என்பார். நாளைக் காலையில் அறை இருக்கும், முக்காலி இருக்கும், பெயரும் இருக்கும். ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது. அவள் நிஜமாகவே அப்படிச் செய்யத்தான் நினைத்தாள். லூப்களை அடுக்கினாள். பொத்தான்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தாள்.

விரல் அமுக்க மறுத்தது. கேட்காத ஒன்றுக்கு டிக் போடுவதா? எட்டு மாதமாக எதையெதையோ மறைத்திருக்கிறாள். அதை மட்டும் செய்ததில்லை. டீயைக் கூட விட்டுவிட்டு ஒவ்வொரு விசிறியையும் முழுசாகக் கேட்டுத்தானே நீல மையைத் தொட்டாள். அவளுக்கு அழுகை வந்தது. பயத்தில் வந்ததா கோபத்தில் வந்ததா என்று தெரியவில்லை. கையை உயர்த்தினாள்.

கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆள்தான் வருவார் என்று நினைத்தாள். வந்தது தொகுப்பாளர், மைக்கோடு.

"என்ன உதவி வேணும் அக்கா?"

"ரெண்டு பக்கச் சத்தமும் ஒரே பக்கம் வர்ற மாதிரி வைக்கணும்."

"ஒரே பக்கமா? நீங்கதான் ரெண்டு பக்கத்துலயும் கலக்குறவங்களாச்சே. எதுக்கு?"

மைக் அவள் வாய்க்கு நேராக இருந்தது. மூன்றாவது வரிசையைப் பார்க்காமல் இருக்க முயன்றாள், முடியவில்லை.

"எனக்கு இடது காது கேக்காது" என்றாள்.

முன்னூறு நாற்காலிக்கும் அது போய்ச் சேர்ந்தது. யாரும் சிரிக்கவில்லை. கருவிக்காரர் ஓடி வந்து இரண்டு தட்டு தட்டினார். அவ்வளவுதான், எல்லாம் வலது காதுக்கு வந்துவிட்டது. அவ்வளவு சின்ன வேலை அது. இருபத்தோரு நிமிடம் பாக்கி இருந்தது. அடுக்கியதை எல்லாம் கலைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஒருமுறை நிமிர்ந்தபோது சூப்பர்வைசரின் நாற்காலி காலியாக இருந்தது.

ஆறாவது இடம் வந்தது. பரிசு மூன்று பேருக்குத்தான். பேஸ் இந்த முறை எங்கும் நடக்காமல் நடுவிலேயே நின்றதாக ஒரு நடுவர் எழுதியிருந்தார். குறையாகச் சொன்னாரா நிறையாகச் சொன்னாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

வாசலில் சூப்பர்வைசர் வேனுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"எத்தனை மாசமா?"

"எட்டு மாசமா சார்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா ரூம் போயிடும்."

"போயிடும்தான்" என்றார் அவர். "முன்னூறு பேருக்கு முன்னால மைக்ல சொல்லிட்டே. இனி நான் தெரியாத மாதிரி இருக்க முடியுமா? மேலே சொல்லியாகணும்." அவர் முகத்தில் கோபத்தைவிட அவமானம்தான் அதிகம் தெரிந்தது. வேன் கிளம்பியது. டேப்காரி ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினாள்.

கணவரும் அவளும் பஸ்ஸுக்கு நடந்தார்கள். கொஞ்ச தூரம் அவர் அவளுடைய இடது பக்கமாகவே நடந்தார். பிறகு அவளைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தார். "நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன், அதான் நீ எங்கூடப் பேசலைன்னு நெனச்சுட்டிருந்தேன். என்ன தப்புன்னு எட்டு மாசமா யோசிச்சேன்" என்றார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நடுரோடு என்றெல்லாம் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை அவளை வைண்டிங்கில் போட்டார்கள். சோதனை அறையில், வேறு ஆள் கிடைக்கும்வரை, சூப்பர்வைசரே உட்கார்ந்தார். வைண்டிங்கில் பதினாறு இயந்திரம் ஒன்றாக அலறும். பக்கத்தில் நிற்பவர் கத்தினால்தான் கேட்கும். அதனால் ஒரு காது, இரண்டு காது என்ற பேதமெல்லாம் அங்கே இல்லை. அவள் குனிந்த தலை நிமிராமல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துக்கம் இருந்தது, நிறையவே இருந்தது. ஆனால் பயம் இல்லை. பயம் இல்லாமல் எட்டு மாதத்தில் அன்றைக்குத்தான் முதன்முதலாக டீ குடித்தாள்.

புதன்கிழமைக்குள் சோதனை அறை வாசலில் விசிறிகள் மலையாகக் குவிந்துவிட்டன. சூப்பர்வைசர் போட்ட சிவப்புப் பெருக்கலில் பாதியைக் கழற்றிப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. நீல டிக் போட்டதில் நாலு, உள்ளூர்க் கடையிலிருந்து திரும்பி வந்தன. வியாழக்கிழமை காலை அவர் ஒரு விசிறியைத் தோளில் சுமந்துகொண்டு வைண்டிங்குக்குள் வந்தார். முகமெல்லாம் வியர்வை. அவளுடைய இடது பக்கமாக வந்து ஏதோ சொன்னார். அவள் கையால் சைகை காட்டி வலது பக்கம் வரச் சொன்னாள். அவர் வந்தார்.

"இது சரியா தப்பான்னு ஒரு நிமிஷம் கேட்டுச் சொல்லேன். யாருக்கும் தெரிய வேண்டாம்" என்று அவள் காதருகே கத்தினார்.

அவள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"இங்க வச்சு முடியாது சார். ரூம்லதான் கேக்கணும். ஒளிஞ்சு வந்து கேக்க மாட்டேன். எனக்கு ஒரு காதுதான் இருக்குன்னு பதிவேட்டுல எழுதி வச்சுட்டு ரூமுக்குக் கூப்பிடுங்க, வர்றேன்."